கடல்நீர்த் தொட்டி 'சைக்கிள்' ஆவது என்றால் என்ன?

முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "தண்ணி ஊத்தி மூணு வாரம் ஓட விடுங்க, சைக்கிள் ஆயிடும். அப்புறம் மீன் போடலாம்." சொல்பவர் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் தொட்டிக்குள் என்ன நடக்க வேண்டும், அது நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது, இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார். வெறும் உப்புத் தண்ணீரை மூன்று மாதம் ஓட விட்டாலும் அது உப்புத் தண்ணீராகவேதான் இருக்கும். மீன் போட்ட நாலாவது நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போதுதான் பலருக்குச் சந்தேகமே வருகிறது.

அளவுகளைப் பேச வசதியாக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், பேச்சில் 'மூணடி டேங்க்'. கணக்குப்படி 182 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடைவெளி, கல், மணல் போக நிற்பது சுமார் 150 லிட்டர். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 150 லிட்டருக்கு. 'சின்னதா ஆரம்பிச்சுப் பாப்போம்' என்று முப்பது லிட்டர் தொட்டி வாங்குவது சிக்கனம்போலத் தெரியும். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொரு தவறின் விளைவும் பெரிதாகும் என்பதால், முதல் தொட்டியாக அதை வைப்பதுதான் கடினம்.

யாருக்காகக் காத்திருக்கிறோம்

மீன் தின்ற புரதத்தில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. மிச்சமான தீனி, செத்த நத்தை, அழுகும் பாசி, எல்லாம் கடைசியில் அம்மோனியாவில்தான் முடியும். கடலில் அது எங்கோ கரைந்து போகும். 150 லிட்டரில் போவதற்கு இடமில்லை.

இங்கே இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் தேவை. முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியா கொல்லும், நைட்ரேட் சாதாரண அளவில் மீனை ஒன்றும் செய்யாது. தொட்டியில் ஒரு நாளில் உண்டாகும் அம்மோனியாவை அன்றைக்கே தீர்த்துவிடும் அளவுக்கு இந்த இரண்டு கூட்டமும் பெருகிவிட்ட நிலைக்குப் பெயர்தான் சைக்கிள் ஆவது.

முதல் கூட்டம் என்றாலே நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல் தொட்டி ஒன்றின் சரளையிலிருந்து நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்ற உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அம்மோனியாவைத் தின்கிறது, ஆனால் பாக்டீரியா அல்ல. ஆர்க்கியா என்ற தனி இனம். தொட்டி வைப்பவருக்கு இதனால் வேலை எதுவும் மாறாது என்பதால், இனி எல்லாவற்றையும் 'பாக்டீரியா' என்றே சொல்லிக்கொள்ளலாம்.

நடப்பதைப் புரிந்துகொள்ள இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து வைத்த மாவு பொங்க எத்தனை மணி நேரம் என்று யாரும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. மே மாதம் மாலைக்குள் பொங்கி வழியும். மார்கழியில் மறுநாள் காலையிலும் அசையாமல் கிடக்கும். மூடியைத் திறந்து பார்த்துத்தான் முடிவு. பழைய மாவு ஒரு கரண்டி கலந்தால் சீக்கிரம் பொங்கும். தொட்டிக்கும் இதே நியாயம்: நாள் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டும், திறந்து பார்ப்பதற்குச் சமமான வேலையை, தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டெஸ்ட் கிட் செய்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் மாவும் தொட்டியும் பிரிகின்றன. தவறுகள் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் நடக்கின்றன.

ஒன்று, வேகம். மாவில் உள்ள பாக்டீரியாக்கள் ஒரு இரவுக்குள் பல மடங்கு பெருகிவிடும். அம்மோனியாவைத் தின்பவற்றுக்கு அந்த உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரு முறை இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாள்வரை, சில நேரம் அதற்கும் மேல் ஆகும். அதனால்தான் வாரக் கணக்கு.

இரண்டு, இருப்பிடம். மாவில் அவை மாவு முழுக்கக் கலந்திருக்கும். தொட்டியில் அவை கல், மணல், ஃபில்டர் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் வழவழப்பான படலமாக ஒட்டி வாழும். தண்ணீரில் மிதப்பவை சொற்பம். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீர் வாங்கி ஊற்றுவதில் பயன் இல்லை; அதே நண்பரிடம் ஒரு கைப்பிடி மணலோ ஃபில்டருக்குள் கிடந்த பீங்கான் வளையங்களோ வாங்கினால் நிஜமாகவே உதவும். 'தண்ணி மாத்தினா சைக்கிள் உடைஞ்சிடும்' என்ற பயத்துக்கும் இதே காரணத்தால் அடிப்படை இல்லை.

இதுவரை பார்த்தது: அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. செய்பவை மெதுவாகப் பெருகும், மேற்பரப்பில் ஒட்டி வாழும் உயிர்கள். அவற்றுக்கு உணவு போடாமல் காத்திருந்தால் எதுவும் பெருகாது.

நன்னீர் அனுபவம் கைகொடுக்காத இரண்டு இடங்கள்

ஏற்கெனவே கோல்டு ஃபிஷ், கப்பி வளர்த்தவர்களுக்கு இந்தக் கதை பாதி தெரிந்திருக்கும். அதிலேயே ஒரு சிக்கல்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது: தனி அம்மோனியா, அம்மோனியம். செவுளுக்குள் எளிதாகப் புகுந்து கொல்வது தனி அம்மோனியா. இரண்டில் எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச் முடிவு செய்கிறது, பி.எச் என்பது அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் அளவு. நன்னீர்த் தொட்டி 7ஐ ஒட்டி இருக்கும், கடல்நீர் 8.2ஐ ஒட்டி இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தில் தனி அம்மோனியாவின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நன்னீர்த் தொட்டியில் கிட் காட்டிய 1 பி.பி.எம்மைச் சமாளித்துவிட்டவர், இங்கே அதே 1 பி.பி.எம்மில் மீனை இழப்பது இப்படித்தான். (பி.பி.எம் என்பதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளலாம்.)

நைட்ரைட் விஷயம் நேர் எதிர். நன்னீரில் அது மீனின் ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்யும். கடல்நீரில் குளோரைடு அவ்வளவு இருப்பதால், செவுளில் நைட்ரைட் புகும் வழியை அதுவே அடைத்துக்கொள்கிறது. நைட்ரைட் கொஞ்சம் நிற்கிறதே என்று கடல்நீர்த் தொட்டிக்காரர் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தண்ணீரும் உப்பும்

பாக்டீரியா வளரத் தொடங்குவதற்கு முன்னால் தண்ணீர் சரியாக இருக்க வேண்டும். இதிலும் புழங்கும் தவறான நம்பிக்கைகளுக்குக் குறைவில்லை.

கல்லுப்பு கடலிலிருந்துதானே வருகிறது, அதையே கரைத்தால் என்ன? தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் படிவது சுண்ணமும் ஜிப்சமும். அங்கேயே கால்சியத்தின் பெரும்பகுதி கழன்றுவிடுகிறது. அடுத்த பாத்தியில் படிவது சாப்பாட்டு உப்பு. மக்னீசியம் எல்லாம் மிச்சமாகும் கசப்பு நீரோடு போய்விடும். கையில் வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். அதைத் திரும்பக் கரைத்தால் கடல் திரும்பி வராது. பவளம் உடல் கட்டக் கேட்கும் கால்சியமும் மக்னீசியமும் உப்பளத்திலேயே தங்கிவிட்டன. பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் சால்ட் மிக்ஸ் தவிர வேறு வழியில்லை. லிட்டருக்கு 38 முதல் 40 கிராம், 150 லிட்டருக்குச் சுமார் 6 கிலோ. இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு.

மெரினாவில் கேன் கேனாகப் பிடித்து வரலாமா என்றால், கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீர் அது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதன் உப்பளவும் நிலையாக இராது.

உப்பைக் கரைக்கும் தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் உள்ள நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் பின்னால் பாசியாகத் திரும்பி வரும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் போதுமே என்று தோன்றும். ஆனால் குடிநீருக்கான மெஷின்கள் பலவற்றில், ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் டி.டி.எஸ் கன்ட்ரோலரோ மினரல் கார்ட்ரிட்ஜோ இருக்கும். டி.டி.எஸ் என்பது கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. நமக்கு அது பூஜ்யமாக வேண்டும். அந்த இணைப்புகளைத் தவிர்த்து, மெம்பரேனிலிருந்து நேராக வரும் தண்ணீரை மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் வழியாக விட்டால் பூஜ்யம் கிடைக்கும். இருநூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் டி.டி.எஸ் பேனாவை அவ்வப்போது முக்கிப் பார்த்தால் போதும்.

கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், அடியில் செறிவு மிகுந்து கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் முழுதும் கரையாது. பம்பு வைத்து ஒரு நாள் சுற்ற விட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டும். அது ஒரு துளி நீரில் ஒளி வளையும் அளவை வைத்து உப்பைச் சொல்லும் சின்னக் குழல். வாங்கியவுடன் 35 அளவு கொண்ட திட்டக் கரைசலை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி 35இல் இரண்டு மூன்று அளவு தப்பாகக் காட்டுவது சாதாரணம்.

தண்ணீர் ஆவியாகும்; உப்பு ஆகாது. ஒரு நாளைக்கு 3 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். ஐந்து நாள் கவனிக்காவிட்டால் 15 லிட்டர் போய், 35 இருந்த உப்பு 39ஐத் தொடுகிறது. குறைந்ததை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத தண்ணீர், தினமும். இந்த ஒரு வேலைக்கு ஒரு தானியங்கி மிதவைக் கருவி வாங்கினால் அந்தச் செலவு வீண்போகாது.

கல்

பாக்டீரியாவுக்கு வீடு கல்தான். 150 லிட்டருக்கு 12 முதல் 15 கிலோ, துளைகள் நிறைந்த, எடை குறைந்த கல். கல்லை முதலில் கண்ணாடித் தரையில் அசையாமல் நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள். மணலின் மேல் கல்லை வைத்தால், மணலைத் தோண்டும் மீன் ஒன்று போதும், எல்லாம் சரிந்து கண்ணாடியில் விழ.

வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' போடச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கல் பவளங்கள் அனைத்தையும், தீப்பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றையும் பாதுகாக்கிறது. கடல் குதிரைகளையும் சேர்த்து. செத்த துண்டு என்றாலும் விலக்கு கிடையாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அமைந்ததற்குக் காரணமே அங்கே பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்து வந்ததும் சேர்த்துத்தான். ராமேஸ்வரம் போனபோது பொறுக்கியது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். செயற்கையாகச் செய்த பீங்கான் கல், சிமென்ட் கல் கிடைக்கின்றன. அவற்றில் உயிர் எதுவும் இராது. அதனால்தான் சைக்கிளை நாமே தொடங்கி வைக்க வேண்டியிருக்கிறது.

மீன் இல்லாமல் சைக்கிள் செய்வது

முன்பெல்லாம் டாம்சல் என்ற முரட்டு மீனைப் போட்டு, அது வெளியேற்றும் அம்மோனியாவில் சைக்கிள் செய்வார்கள். மீனுக்குச் சித்திரவதை. பிழைத்தால் தொட்டியின் ரவுடியாகிவிடும். கல்லைக் கலைக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது. இறால் துண்டைப் போட்டு அழுக விடுவது இன்னொரு வழி. வேலை செய்யும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று நம் கையில் இல்லை. பாஸ்பேட்டும் நாற்றமும் இலவசம்.

சுத்தமான வழி அம்மோனியம் குளோரைடு. நம் ஊரில் நவச்சாரம் என்பது இதுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் உலோகக் கலப்பு இருக்கலாம் என்பதால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். 19 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இதில் 50 மில்லி ஊற்றினால் 150 லிட்டரில் 2 பி.பி.எம் அம்மோனியா.

தண்ணீர் 27 டிகிரி, உப்பு 35, பம்புகள் ஓட, விளக்கு அணைந்தபடி. விளக்கு இப்போது எரிந்தால் பாசிக்கு மட்டுமே லாபம். 50 மில்லி ஊற்றுங்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வாங்கியிருந்தால் அதையும் சேர்க்கலாம். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் மூன்று நாள் வெந்து வந்த பாட்டிலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை அம்மோனியா பாருங்கள். முதல் வாரம் அசையவே அசையாது. பிறகு மெல்ல இறங்கி, ஒரு நாள் பூஜ்யமாகும். அப்போது மறுபடி 50 மில்லி. இந்த முறை பூஜ்யமாக எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு நாள், இரண்டு நாள் என்று சுருங்கிக்கொண்டே வரும். 50 மில்லி ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியா பூஜ்யம் என்றால் மூடியைத் திறந்து பார்த்தாயிற்று, மாவு பொங்கியிருக்கிறது.

இந்த 24 மணி நேரச் சோதனை எவ்வளவு தாராளமானது என்று ஒரு கணக்கு. அன்றைக்குத் தீர்ந்தது 300 மில்லிகிராம் அம்மோனியா. 45 சதவீதம் புரதமுள்ள உலர் தீனி ஒரு கிராமில் உள்ள நைட்ரஜன் முழுக்க அம்மோனியாவானாலும் 90 மில்லிகிராமைத் தாண்டாது. அதாவது தினம் மூன்று கிராம் தீனியைத் தாங்கும் தொட்டி இது. இரண்டு கோமாளி மீன்கள் தின்பது ஒரு சிட்டிகை. ஆகவே 24 மணி நேரம் 28 ஆனாலும் குடி முழுகாது. ஆனால் ஒரே நாளில் எட்டு மீன் வாங்கி விட்டால், எந்தச் சோதனையும் காப்பாற்றாது. பாக்டீரியாவின் எண்ணிக்கை எப்போதும் கிடைக்கும் உணவுக்கு ஏற்றபடிதான் நிற்கும்.

சுருக்கமாக: உணவு போடு, அளந்து பார், தீர்ந்ததும் மறுபடி போடு. மூன்று வாரத்திலும் முடியலாம், ஏழு வாரமும் ஆகலாம்.

நடுவில் நின்றுபோனால்

மூன்றாவது வாரம் நைட்ரைட் கிட் அடர் ஊதாவில் நின்றபடி நகராது. பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். காரணம் எளியது: 2 பி.பி.எம் அம்மோனியா முழுக்க மாறினால் 5.4 பி.பி.எம் நைட்ரைட் வரும். கிட்டின் உச்ச அளவு பெரும்பாலும் 5. இரண்டு முறை ஊற்றியிருந்தால் நிஜ அளவு பத்துக்கு மேல் இருக்கும். அது ஆறுக்கு இறங்கினாலும் கிட்டுக்கு ஒரே நிறம்தான். தொட்டி நீர் ஒரு பங்கு, புதிதாகக் கலந்த உப்பு நீர் மூன்று பங்கு சேர்த்துச் சோதித்து, வரும் எண்ணை நாலால் பெருக்குங்கள். நகர்வது தெரியும். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் கிட் சொல்வதை நம்ப வேண்டாம்; அந்தக் கிட் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது, ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணிவிடும்.

நிஜமாகவே நின்றுபோவதும் உண்டு. அம்மோனியாவைத் தின்னும்போது பாக்டீரியா தண்ணீரின் ஆல்கலினிட்டியைச் செலவழிக்கிறது. ஆல்கலினிட்டி என்பது அமிலத்தைத் தாங்கும் கொள்ளளவு, டி.கே.எச் என்ற அலகில் அளப்பார்கள், கடலில் அது சுமார் 7. ஒவ்வொரு 50 மில்லிக்கும் 0.65 டி.கே.எச் அளவுக்குக் கரையும். ஆறேழு முறை ஊற்றியவர் தொட்டியில் 4 டி.கே.எச் போய்விட்டிருக்கும், பி.எச் இறங்கும், பாக்டீரியா சோம்பிவிடும். பாதித் தண்ணீரை மாற்றினால் மறுநாளே மாற்றம் தெரியும்.

அம்மோனியா 0.25இல் நின்று இறங்கவே மறுப்பதாகத் தோன்றினால், அது பல நேரம் மஞ்சள் விளக்கின் வேலை. அன்றைக்குக் கலந்த புது உப்பு நீரையும் அதே கிட்டில் சோதித்து, இரண்டு குழாய்களையும் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் அதுதான் உங்கள் பூஜ்யம்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள் தனி. ஒன்று வெயில். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். 29ஐத் தாண்டக் கூடாது. தண்ணீர் சூடாகச் சூடாகப் பிராணவாயு குறையும், மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்து. மேற்பரப்பில் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றே ஈரமாக இருக்கும் சென்னையில் அதுவும் முழுசாகக் கிடைக்காது. கோயம்புத்தூர்க்காரர் ஃபேனில் ஒப்பேற்றலாம். கடற்கரை ஊர்க்காரர் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கோ ஏ.சி. அறைக்கோ முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும். இன்னொன்று மின்வெட்டு. தண்ணீரை அலைபோல அசைக்கும் வேவ் மேக்கர் பம்பு ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணையுங்கள். மேற்பரப்பு அசைந்தால் போதும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாமல், உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இயக்குங்கள்.

சைக்கிள் முடிந்தது, அப்புறம்?

ஐந்து முறை ஊற்றியிருந்தால் நைட்ரேட் 35 பி.பி.எம்மை ஒட்டி நிற்கும். பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றுங்கள். ஓரிரு நாளில் முதல் மீன் வரட்டும். தள்ளிப்போனால் மூன்று நாளைக்கு ஒரு முறை 10 மில்லி ஊற்றி பாக்டீரியாவைப் பட்டினி போடாமல் வையுங்கள்.

முதல் மீனாக இரண்டு கோமாளி மீன், பண்ணையில் பிறந்தவையாக. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணை மீன்கள் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூர் வரை வருகின்றன. கடலில் பிடித்தவற்றைவிட உலர் தீனியை உடனே எடுக்கும், நோயும் குறைவு. அடுத்த மீனுக்கு மூன்று வாரம். இடையில் வெள்ளைப் புள்ளி நோய் கண்டாலும் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை, பவளம் அத்தனையும் சாகும், கல்லிலும் செம்பு தங்கும். வைத்தியம் வேறு தொட்டியில்.

விளக்கு போட்ட சில நாளில் மணலும் கல்லும் காப்பிப்பொடி தூவியது மாதிரிப் பழுப்பாகும். டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் போய்விடும். அடுத்துப் பச்சை நூல் பாசி வரும். புதுக் கல்லில் காலி இடம் அவ்வளவு இருக்கிறது, முதலில் வந்தவன் குடியேறுகிறான். நத்தைகள் ஏழெட்டு, விளக்கு ஆறு மணி நேரம், கொஞ்சம் பொறுமை. இதற்குப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு விரட்டுவது இன்றைக்கு ஒரு பரவலான தவறு. இரண்டும் பூஜ்யமான தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி பரவும். அதைத் துரத்துவதற்கு நூல் பாசியே தேவலை. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருக்கட்டும்.

பவளத்துக்கு மூன்று மாதமாவது காத்திருங்கள். பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவு செய்து அதற்குக் கொடுக்கின்றன. வெப்பமும் உப்பும் ஏறி இறங்கினால் பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெளுக்கும். சைக்கிள் முடிந்த தொட்டி மீனுக்குப் பாதுகாப்பானது. பவளத்துக்கு இன்னும் ஆட்டம் கண்ட இடம்தான். மஷ்ரூம், லெதர் போன்ற மென் பவளங்களில் தொடங்குங்கள். பவளத்தின் உறவான ஜோவாந்தஸ் அழகானது, எளிதில் பிழைக்கும். ஆனால் அதிலும் அதன் உறவினங்களிலும் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீரில் கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்து வீடே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

மென் பவளத்துக்குக் கல் எலும்புக்கூடு கட்டும் வேலை இல்லை என்பதால் கால்சியமும் ஆல்கலினிட்டியும் அதிகம் செலவாகாது. வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றினால், சால்ட் மிக்ஸே ஈடுகட்டிவிடும். இவற்றைத் தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்பு கட்டாயம் வேண்டும் என்று சொல்லும் கடைக்காரரிடம், அடுத்த வருடம் வருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு நத்தை வாங்கிக்கொண்டு வரலாம்.